விடுமுறை விடுதியின் ஆண்டுச் சந்தா

 

இன்று எடுத்துக்கொண்ட பொருள் வீட்டுக் கணக்கைச் சார்ந்தது. டைம்ஷேர் எனப்படும் காலப்பங்கு விடுதியில் உறுப்பினராகச் சேரலாமா என்னும் வினா இப்பொழுது பல இல்லங்களில் எழுகின்றது. வணிக வளாகத்தின் வாயிலில் ஒரு சீட்டில் பெயரும் எண்ணும் எழுதிப் போட்டவர்க்கு, நான்கு நாள் கழித்துத் தொலைபேசி வரும். பரிசு கிடைத்திருப்பதாகவும், கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து பெற்றுக்கொள்ள வேண்டுமென்றும் சொல்லப்படும். நட்சத்திர விடுதியொன்றின் கூடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் பேச்சு நடக்கும். மலைகளும் கடற்கரைகளும் திரையில் காட்டப்படும். "இவ்விலை இன்றைக்கு மட்டுமே" என்று முடிவில் சொல்லப்படும். அங்கே அமர்ந்திருப்போர் விலையைக் குறைத்துக் கேட்பதிலேயே தம் திறமை முழுவதையும் செலவிடுகின்றனர். ஆண்டுச் சந்தாவைப் பற்றி ஒருவரும் வாதாடுவதில்லை. "சிறு பராமரிப்புத் தொகை ஒன்று உண்டு" என்னும் சொல்லோடு அது கடந்துபோய் விடுகின்றது. யானையைப் பேரம் பேசி வாங்கியவர், அதைக் கட்டித் தீனி போடும் செலவை வீடு வந்த பிறகே கேட்கின்றார்.

இம்முறை தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாக அறிதல் நலம். 1960களில் பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், பனிச்சறுக்கு விளையாட்டுக்கு வருவோர் ஆண்டுதோறும் அறைக்கு அலைவதைத் தவிர்க்க, ஓர் அறையின் குறிப்பிட்ட வாரங்களைப் பலருக்குப் பிரித்து விற்கும் முறை தோன்றியது. அது அமெரிக்காவிற்குச் சென்று, புளோரிடா போன்ற மாநிலங்களில் பெருவணிகமாயிற்று. ஒருவர் தம் வாரத்தை வேறோர் ஊரின் வாரத்தோடு மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. நிறுவனம் 1974-இல் அங்கே தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1986-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்டெர்லிங் நிறுவனம் இவ்வணிகத்தைத் தொடங்கியது. கொடைக்கானலும் உதகையும் தமிழ்க் குடும்பங்களுக்கு இம்முறையை அறிமுகப்படுத்திய ஊர்கள். 1996-இல் மகிந்திரா குழுமமும் இத்துறையில் இறங்கி, 25 ஆண்டு உறுப்புரிமையைப் பரவலாக்கிற்று. ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் எனப் பருவங்கள் நிறத்தால் பிரிக்கப்பட்டன. கோடை விடுமுறையும் பண்டிகை நாள்களும் உயர்ந்த நிறத்திற்குரியவை. ஆள் வராத மழைநாள்கள் தாழ்ந்த நிறத்திற்குரியவை. நிறம் உயர விலையும் உயரும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். புளோரிடாவில் வாங்குவோர்க்குப் பெரும்பாலும் பத்திரம் பதிந்து உரிமை தரப்படுகின்றது. அவர் அக்கட்டடத்தின் ஒரு சிறு பங்கிற்கு உடைமையாளர். இந்தியாவில் விற்கப்படுவது பெரும்பாலும் பயன்பாட்டு உரிமை மட்டுமே. குறித்த ஆண்டுகள் வரை ஆண்டிற்குக் குறித்த இரவுகள் தங்கலாம். காலம் முடிந்தால் கையில் ஒன்றுமில்லை. "முதலீடு" என்னும் சொல்லை விற்பனையாளர் பயன்படுத்துவாராயின், அச்சொல்லை அப்பொழுதே மறுத்துவிடுதல் தகும். இது விடுமுறைச் செலவை முன்கூட்டிக் கட்டுவது; அதற்கு மேல் ஒன்றுமன்று.

சந்தா ஏன் கேட்கப்படுகின்றது? அது ஏமாற்று அன்று என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். மலையூரில் மழையும் பனியும் சுவரைப் பாசி பிடிக்கச் செய்கின்றன. கூரை ஒழுகுகின்றது. படுக்கை விரிப்புகளை நாள்தோறும் வெளுக்க வேண்டும். காவலர், தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர் ஆகியோர்க்கு மாதந்தோறும் ஊதியம் உண்டு. தண்ணீர் லாரியில் வருகின்றது. மின்சாரம் நின்றால் டீசல் எரிகின்றது. வாங்கியவர் வந்தாலும் வராவிட்டாலும் இச்செலவுகள் நிற்பதில்லை. ஆகவே யாரேனும் ஒருவர் கட்டத்தான் வேண்டும். சந்தா இல்லாத விடுதி சில ஆண்டுகளில் பாழடைந்துவிடும். குறை சந்தாவில் இல்லை. வாங்கும் முடிவில் அதற்குரிய இடத்தைக் கொடாமையிலேயே உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு வருமாறு. இதிலுள்ள தொகைகள் கணக்கின் பொருட்டு அமைக்கப்பட்டவை. எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் அன்று. ஒரு வணிகருக்கு வயது 45. மனைவியும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவரும் உள்ளனர். உறுப்புரிமையின் விலை 4,00,000 ரூபாய். காலம் 25 ஆண்டு. ஆண்டிற்கு 7 இரவு. முதலாண்டுச் சந்தா 18,000 ரூபாய். அதே தரமுள்ள அறையை வெளியில் எடுத்தால் ஓரிரவிற்கு 5,000 ரூபாய் எனக் கொள்க.

விற்பனைக் கூடத்தில் போடப்படும் கணக்கு இது: 25 ஆண்டில் 175 இரவு, நான்கு இலட்சத்தை 175-ஆல் வகுத்தால் ஓரிரவிற்கு 2,286 ரூபாய். "ஐயாயிரம் எங்கே, இரண்டாயிரத்துச் சொச்சம் எங்கே!" என்று காகிதத்தில் வட்டமிட்டுக் காட்டுவர். கேட்போர் முகம் மலரும். இப்பொழுது சந்தாவைச் சேர்க்க. 18,000-ஐ ஏழால் வகுத்தால் ஓரிரவிற்கு 2,571 ரூபாய். விலையில் வரும் பங்கைவிட சந்தாவில் வரும் பங்கே மிகுதி! இரண்டும் கூடினால் 4,857 ரூபாய். வெளியறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 143 ரூபாய். ஏழிரவிற்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய் மிச்சம். இந்த ஆயிரத்திற்காகவே நான்கு இலட்சம் முன்கூட்டிக் கொடுக்கப்படுகின்றது.

அந்த நான்கு இலட்சத்தை வங்கியில் வைப்பாக வைத்தால், நூற்றுக்கு ஏழு வட்டியில் ஆண்டிற்கு 28,000 ரூபாய் வரும். ஆண்டு வாடகை 35,000-இல் பெரும்பகுதி அவ்வட்டியிலேயே அடங்கிவிடும். சந்தாவாகக் கட்டியிருக்க வேண்டிய 18,000-ஐயும் அதனோடு சேர்த்தால் 46,000 ஆகின்றது. வாடகை போக 11,000 மிஞ்சும். முதல் தொடாமல் இருக்கும். வாடகை ஆண்டுதோறும் ஏறுமே என்று கேட்கலாம், உண்மை. ஆனால் சந்தாவும் ஏறுகின்றது. பேசுவோர் இதில் முதலாவதை மட்டுமே நினைவூட்டுவர்.

சந்தா ஏறுவதன் வலிமையைச் சற்று நின்று காணவேண்டும். ஆண்டிற்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறினால், 18,000-இல் தொடங்கிய சந்தா இருபத்தைந்தாம் ஆண்டில் ஏறத்தாழ 72,900 ரூபாயாகும். 25 ஆண்டிலும் கட்டிய சந்தாவின் கூட்டுத்தொகை சுமார் 9,88,000. வாங்கிய விலையைப்போல் இரண்டரை மடங்கு! ஏற்றம் ஆறு அன்று, எட்டு வீதம் எனின் கூட்டுத்தொகை சுமார் 13,16,000 ஆகின்றது. இரண்டு வீத வேறுபாடு மூன்று இலட்சத்து இருபத்தெட்டாயிரத்தை விழுங்கிவிட்டது. விற்பனைக் கூடத்தில் போராடிப் பெற்ற இருபதாயிரம் முப்பதாயிரம் தள்ளுபடி இதன்முன் எம்மாத்திரம்? பேரம் பேச வேண்டிய இடம் விலை அன்று. சந்தா எவ்வளவு ஏறலாம் என்பதற்கு எழுத்தில் ஒரு வரம்பு உண்டா என்பதே. சில ஒப்பந்தங்களில் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு சந்தா பிணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் "நிறுவனம் அவ்வப்பொழுது தீர்மானிக்கும் தொகை" என்னும் ஒரு தொடர் மட்டுமே இருக்கும். அத்தொடரைப் படிக்காமல் கையொப்பமிட்டவர், தொகை எழுதாத காசோலையை ஆண்டிற்கு ஒன்றாக இருபத்தைந்து கொடுத்தவர் ஆவார். சொல்லப்படும் சந்தாவில் ஜி.எஸ்.டி. அடங்குமா என்பதையும் கேட்க வேண்டும். நூற்றுக்குப் பதினெட்டு வீதம் சேர்ந்தால் 18,000-இன் மேல் 3,240 ரூபாய் கூடும். மேற்சொன்ன ஆயிரம் ரூபாய் மிச்சம் அத்தோடு போயிற்று.

இதுவரை சொன்னது ஆண்டுதோறும் தவறாமல் ஏழிரவும் தங்கும் குடும்பத்தின் கணக்கு. அப்படிப்பட்ட குடும்பம் எத்தனை? இங்கேதான் சந்தாவின் உண்மையான இயல்பு வெளிப்படுகின்றது. வாடகை, போனால் மட்டும் கொடுப்பது. சந்தா, போகாவிட்டாலும் கொடுப்பது. பெரிய பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும் ஆண்டு போக முடியாது, பன்னிரண்டிலும் முடியாது. அடுத்து இளைய பிள்ளைக்கும் அதே இரண்டு ஆண்டுகள். வீட்டில் மகப்பேறு, திருமணம், முதியவரின் நோய், கடையை விட்டு நகர முடியாத பருவம் எனப் பல உண்டு. ஓராண்டு யாத்திரை சென்றால், அந்த ஆண்டு விடுப்பும் பணமும் அதற்கே சரியாகிவிடும். 

வாடகையும் சந்தாவும் வங்கி வட்டி வீதத்திலேயே ஆண்டுதோறும் ஏறுவதாகக் கொண்டால், எல்லா ஆண்டுகளையும் இன்றைய மதிப்பிலேயே எளிதாகக் கூட்டலாம். 25 ஆண்டும் தங்கினால் மிச்சமாகும் வாடகை 8,75,000. கட்டும் சந்தா 4,50,000. கழித்தால் 4,25,000, கொடுத்த விலை 4,00,000. இலாபம் இருபத்தைந்தாயிரம். இனி, 25 ஆண்டில் எட்டு ஆண்டு போக முடியவில்லை எனக் கொள்க. 17 ஆண்டிற்கு மிச்சமாகும் வாடகை 5,95,000. சந்தாவோ அதே 4,50,000. கழித்தால் 1,45,000. நான்கு இலட்சத்திற்கு வாங்கியதன் மெய்யான மதிப்பு ஒன்றரை இலட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. மூன்றில் ஓராண்டு தவறியதற்கு மதிப்பிலும் மூன்றில் ஒரு பங்கே குறையும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு. சந்தா அசையாமல் நிற்பதே இதற்குக் காரணம்.

"தங்காத இரவுகள் வீணாவதில்லை, அடுத்த ஆண்டிற்குச் சேர்த்து வைக்கலாம்" என்று மறுமொழி வரும். பல திட்டங்களில் அவ்வசதி உண்டு. ஒரு வரம்பிற்கு உட்பட்டே உண்டு. ஆயினும் இந்த ஆண்டு ஏழு நாள் ஒழியாத குடும்பத்திற்கு வரும் ஆண்டு பதினான்கு நாள் ஒழியுமா? ஒழிந்தாலும் மே மாதத்தில் உதகையில் அறை கிடைக்க வேண்டும். எல்லா உறுப்பினர்க்கும் பிள்ளைகளின் பள்ளி ஒரே நாளில்தான் அடைக்கின்றது. சந்தா நிலுவையில் இருந்தால் முன்பதிவே செய்ய இயலாது. நிலுவைக்கு வட்டியும் ஏறும். இவ்வாறு, போகாத ஆண்டின் சந்தாவைக் கட்டாமல் விட்டவர், போக விரும்பும் ஆண்டில் இரண்டையும் சேர்த்துக் கட்டிய பின்னரே வாயிலைக் கடக்கின்றார்.

உணவு இச்சந்தாவில் அடங்காது என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். கிழங்கு வகைகளை விலக்கிச் சூரியன் மறையுமுன் உண்ணும் இல்லத்தார்க்கு, இரவு எட்டு மணிக்கு வரிசையாக அடுக்கி வைக்கும் விருந்தால் பயனில்லை. அவர்க்கு வேண்டுவது அடுப்பங்கரையோடு கூடிய அறை. அது பெரிய அறையாக அமைந்தால் விலையும் உயரும், சந்தாவும் உயரும். தம் வழக்கத்திற்கேற்ற அறைக்குரிய சந்தாவையே அவர் கணக்கிற் கொள்ள வேண்டும். விளம்பரத்தில் காணும் சிற்றறையின் சந்தாவைக் கொண்டு முடிவெடுத்தல் ஆகாது.

வேண்டாம் என்று தோன்றும் நாளில் விற்றுவிடலாமே என்பது அடுத்த ஆறுதல். அமெரிக்காவின் அனுபவம் இதற்கு விடை கூறும். அங்கே ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய வாரங்களை ஒரு டாலருக்கு விற்க விளம்பரம் செய்வோர் உண்டு. அவ்விலைக்கும் ஆள் வருவதில்லை. ஏனெனில் வாங்குபவர் பெறுவது ஒரு வார அறையை மட்டுமன்று, ஆண்டுதோறும் வரும் சந்தாச் சீட்டையும் ஆகும். சந்தா வாடகையை நெருங்கிய நாளில் அவ்வுரிமையின் விலை சுழியாகின்றது. வாடகையைக் கடந்த நாளில் அது சுழிக்கும் கீழே போய்விடுகின்றது. புயல் வந்து கட்டடம் சேதமுற்றால் சந்தாவிற்கு மேல் சிறப்புத் தண்டலும் விதிக்கப்படும். கட்டத் தவறினால் வழக்கு உண்டு. முடிவற்ற காலத்திற்கு எழுதப்பட்ட ஒப்பந்தங்களால், பெற்றோர்க்குப் பின் பிள்ளைகள் அச்சந்தாவை என்ன செய்வதென்று வழக்கறிஞரை நாடும் நிலையும் அங்கே காணப்படுகின்றது. இதிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு மறையும் கூட்டங்களைப் பற்றி அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் மக்களை எச்சரித்து வருகின்றது. ஸ்பெயின் நாடு 1998-இல் சட்டமியற்றி, இத்தகைய உரிமை ஐம்பது ஆண்டிற்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. அவ்வகையில் இந்தியாவின் 25 ஆண்டு ஒப்பந்தம் ஓரளவு மேலானதே. அதற்கு முடிவு என ஒன்று உண்டு. ஆயினும் 45 வயதில் கையொப்பமிட்ட வணிகர்க்கு அம்முடிவு வரும்பொழுது வயது 70. சந்தா உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள், வருவாய் ஒடுங்கி முழங்கால் வலிக்கும் ஆண்டுகளாகவே அமைகின்றன. பிள்ளைகள் அப்பொழுது எந்த ஊரில் இருப்பரோ! இடையில் அவர் மறைந்தால், அத்தாள்களைப் பெட்டியில் காணும் மனைவி எஞ்சிய சந்தாவிற்குப் பொறுப்பாவாரா, உரிமை யார் பெயருக்கு மாறும், மாற்றுவதற்குக் கட்டணம் உண்டா என்பனவெல்லாம் கையொப்பமிடும் நாளிலேயே அவ்வம்மையார் அறிந்திருக்க வேண்டியவை. பரிசு வாங்க இருவரையும் சேர்த்து அழைத்தவர்கள் இதையும் இருவர் முன்னிலையில் சொல்லட்டும்.

கையொப்பமிட்டபின் மனம் மாறினால் என்ன வழி? புளோரிடாவில் பத்து நாளுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளச் சட்டமே இடந்தருகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு நெறியுரை 14 நாள் அவகாசம் தந்து, அந்நாள்களுக்குள் முன்பணம் வாங்குவதையும் தடுத்துள்ளது. இந்தியாவில் இவ்வணிகத்திற்கெனத் தனிச்சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அவகாச நாள்களே துணை. அவற்றை எண்ணி, அதற்குள் எழுத்து மூலம் விலகுதல் வேண்டும், தொலைபேசியில் சொன்னால் போதாது. நாள் கடந்தவர்க்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. ஒருதலைப்பட்சமான, நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிட அச்சட்டம் வழி செய்துள்ளது. குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். 1915 என்னும் தேசிய உதவி எண்ணும் உண்டு. வாய்மொழியாகச் சொன்ன இனிய சொற்கள் ஆணையத்தில் ஏறா. துண்டுச் சீட்டில் வட்டமிட்ட கணக்கையேனும் பத்திரப்படுத்தி வைத்தல் நன்று.

எல்லோரும் விலகுக என்பது இவ்வுரையின் நோக்கமன்று. ஆண்டுதோறும் பிறழாமல் மலையூர் செல்லும் குடும்பங்கள் உண்டு. ஆறு மாதம் முன்னரே நாள் குறிக்கும் ஒழுங்குடையோர் உண்டு. பேரப்பிள்ளைகளோடு சமைத்து உண்டு தங்க விரும்பும் முதியோர் உண்டு. சந்தா கட்டிவிட்டோமே என்பதற்காகவாவது கடையைப் பூட்டிவிட்டு வெளியே கிளம்பும் வணிகரும் உண்டு. அவர் மனைவி அச்சந்தாவை வாழ்த்துவார். அத்தகையோர்க்கு மேற்சொன்ன எடுத்துக்காட்டில் இழப்பு இல்லை. விலை நான்கு இலட்சத்திற்குப் பதில் இரண்டரை இலட்சமாக அமைந்தால் நல்ல இலாபமே. தங்கள் இல்லம் எவ்வகையைச் சார்ந்தது என்பதை அறிய வேறெங்கும் செல்ல வேண்டா. கடந்த பத்தாண்டில் எத்தனை முறை குடும்பத்தோடு ஏழு நாள் வெளியூரில் தங்கினர் என்று வீட்டிலேயே எண்ணிப் பார்த்தால் போதும். இனிமேல் போவோம் என்னும் எண்ணத்தை அவ்வெண்ணிக்கையில் சேர்த்தல் கூடாது.

அதன்பின் செய்ய வேண்டுவது ஒன்று. அந்நிறுவனத்தில் ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் கட்டிய கடந்த ஐந்தாண்டுச் சந்தாச் சீட்டுகளை வாங்கிப் பார்க்க வேண்டும். உறவிலோ தெருவிலோ ஒருவரேனும் கிடைப்பர். முதலாண்டுத் தொகையையும் ஐந்தாம் ஆண்டுத் தொகையையும் அருகருகே எழுதினால் ஏற்றத்தின் வீதம் தெரிந்துவிடும். அவ்வீதத்தை 25 ஆண்டிற்கு நீட்டி, வரும் கூட்டுத்தொகையை விலையோடு சேர்த்து, அதுவே விலை என்று புதுக்கணக்கில் எழுதிக்கொண்டு விற்பனைக் கூடத்திற்குச் செல்லலாம். "இன்றைக்கு மட்டும்" என்று சொன்ன விலை அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும்.